கூட்டைக் காட்ட மாட்டேன்

காலையில் நான் பறவை பார்க்கப் போவதைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு பேச்சு. சர்க்கரை வியாதிக்காக நடக்கிறேன் என்று சிலர். பிள்ளை வெளிநாடு போன ஏக்கத்தில் இப்படி ஆகிவிட்டேன் என்று சிலர். எனக்குச் சர்க்கரையும் இல்லை, ஏக்கமும் இல்லை. நான் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். இந்த ஊரில் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு ஏக்கம் என்பது எனக்குத்தான் தெரியும்.

கடை திறப்பதற்கு முன் வாய்க்கால் கரையில் மதகிலிருந்து செங்கல் சூளை வரை போவேன், திரும்புவேன். அவ்வளவுதான். பல வருஷமாக இதே கரை. கோடியக்கரைக்குப் போனால் பூநாரையே பார்க்கலாமே என்பார்கள். போயிருக்கிறேன், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் விருந்துக்குப் போவதும் தினமும் வீட்டில் சமைப்பதும் ஒன்றல்ல. நான் செய்வது இரண்டாவது.

முக்கால்வாசி நாள் புதிதாக ஒன்றும் இருக்காது. கொக்கு, மடையான், மீன்கொத்தி, கம்பியில் கரிச்சான். மழை என்றால் குடையோடு போவேன். காய்ச்சல் என்றால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு போவேன். "மனசுக்கு நிம்மதியா இருக்குமே" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். என்ன நிம்மதி? கரை முழுக்க உடைந்த பாட்டில். காலைக்கடனுக்கு ஒதுங்குகிறவர்களுக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டே நடக்க வேண்டும். நிம்மதிக்காகப் போயிருந்தால் முதல் மாதத்திலேயே நின்றிருப்பேன். போவேன் என்று முடிவு செய்தேன், போகிறேன். பிடித்த நாளில் மட்டும் போவதற்குப் பெயர் பொழுதுபோக்கு.

எனக்கென்று சில கட்டுப்பாடுகள் உண்டு. என்னைப் பார்த்து ஒரு பறவை எழுந்து பறந்தால் நான் தப்பு செய்துவிட்டேன் என்று அர்த்தம். போனில் அதன் குரலைப் போட்டு வரவழைக்க மாட்டேன். கூடு இருக்கும் இடத்தை யாரிடமும் சொல்ல மாட்டேன். யாரிடமும் என்றால் யாரிடமும்தான்.

இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு தடவை ஏரிக்கரையில் நாலைந்து கேமராக்காரர்களோடு போனேன். தாழைக்கோழி ஒன்று சம்புப் புல்லுக்குள் கூடு கட்டி அடை உட்கார்ந்திருந்தது. படத்தில் புல் மறைக்கிறது என்று ஒருவர் பேனாக்கத்தியை எடுத்துச் சுற்றியிருந்த சம்பை நறுக்கினார். படம் நன்றாக வந்ததாம். கையைத் துடைத்துக்கொண்டு எல்லோரும் டிபன் சாப்பிடப் போனார்கள். நான் மட்டும் அங்கேயே நின்றேன். மறைப்பு போய்விட்ட கூட்டைக் காக்கைகள் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. இதை அவர்களுடைய வாட்ஸப் குழுவில் எழுதினேன். "மேடத்துக்கு லென்ஸ் இல்லாத வயித்தெரிச்சல்" என்று பதில் வந்தது, கூடவே சிரிக்கிற பொம்மை. அன்றைக்கே குழுவை விட்டு வெளியே வந்தேன். லென்ஸ் இல்லை என்பது உண்மைதான். இன்றைக்கும் வாங்கவில்லை.

இந்த வருஷம் பொங்கல் முடிந்த கையோடு, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், பாய் என்று ஊரே கூப்பிடும் விவசாயியின் வயலில், தென்மூலையில் மயில் உள்ளான் என்கிற சேற்றுப் பறவை ஒன்று அடை உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். அந்த மூலை பள்ளம். வடிகால் தண்ணீர் கசிந்து எப்போதும் சேறாக இருக்கும். நெல்லும் கோரையும் கலந்து நிற்கும். நான் இந்தக் கரையிலிருந்து பைனாகுலரில் மட்டும் பார்த்தேன். வைக்கோல் நிறத்தில் ஒரு முதுகு, கண்ணைச் சுற்றி மூக்குக்கண்ணாடி மாட்டியது போல வெளிறிய கோடு. ஆண். இந்த இனத்தில் நிறமும் அழகும் பெண்ணுக்குத்தான். அவள் முட்டையிட்டுவிட்டு வேறு ஆணைத் தேடிப் போய்விடுவாள். அடை காப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆண்.

இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். இடத்தைச் சொல்லவில்லை. உட்கார்ந்திருக்கிறது என்று மட்டும் சொன்னேன். கூட்டுறவு சங்க வேலையிலிருந்து ஓய்வு பெற வேண்டிய நேரம் அவருக்கு. அறுபது முடியப் போகிறது.

"பாவம் அவன்" என்றார். "ரிட்டயர்மென்டே கிடையாதா அவனுக்கு?"

அவர் அதோடு விட்டிருக்கலாம். தஞ்சாவூரில் என் தங்கை வீட்டுக்குச் சாப்பிடப் போன இடத்தில், பெருமை தாங்காமல், "உங்க அக்கா ஒரு உள்ளான் குடும்பத்தையே தத்தெடுத்து வச்சிருக்கா" என்று போட்டு உடைத்தார். தங்கையின் கணவர் வங்கியில் மேனேஜர். மோட்டார் பைக் விலைக்கு லென்ஸ் வைத்திருப்பவர். கையில் எடுத்த ரசத்தைக் குடிக்காமல் என்னைப் பார்த்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு நண்பர்களோடு காரில் வந்து இறங்கிவிட்டார்.

"அண்ணி, ஒரே ஒரு ஷாட். பத்து நிமிஷம்."

"உங்க பத்து நிமிஷம் எனக்குத் தெரியும் மாப்பிள்ளை. காபி ஆறுது, குடிங்க."

"கிட்டயே போக மாட்டோம் அண்ணி. லென்ஸ் எவ்வளவு தூரம் இழுக்கும் தெரியுமா?"

"அவ்வளவு இழுக்கும்னா தஞ்சாவூர்லேர்ந்தே எடுத்திருக்கலாமே."

நண்பர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். அக்கம்பக்கத்தில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் ஓடுகிற ஆள். ஆனால் கேமரா கையில் இருக்கும்போது அவருக்கு முன்னால் இருப்பது உயிரா, படமா என்பது மறந்துவிடும். பஜ்ஜி சாப்பிட்டார்கள், கரையோரம் காரில் இரண்டு தடவை போய் வந்தார்கள், ஒன்றும் தெரியாமல் ஊருக்குத் திரும்பினார்கள்.

சாயங்காலம் தங்கை போன் செய்தாள்.

"நம்ம வீட்டு மாப்பிள்ளைன்னு ஒரு மரியாதை வேணாமாக்கா?"

"மரியாதைக்குத்தான்டி வாழைக்காய் பஜ்ஜி போட்டேன்."

"ஃபிரண்ட்ஸ் முன்னாடி அவருக்கு எவ்வளவு அசிங்கம்! ஒரு குருவிக்காக."

"குருவி இல்ல, உள்ளான்."

"என்னவோ ஒண்ணு. அத்தானோட அறுபதாம் கல்யாணத்துக்கு நாங்க வருவோம்னு நெனைக்காத."

போனை வைத்துவிட்டாள். திருக்கடையூரில் எல்லா ஏற்பாட்டையும் முடித்திருந்தோம். எனக்கு இருப்பது ஒரே தங்கை. வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "தூரத்துலேர்ந்து காட்டிட்டா என்ன?" என்றார். காட்ட மாட்டேன் என்றேன். இன்றைக்குத் தங்கை வீட்டுக்காரர் என்று காட்டினால் நாளைக்கு அவருடைய நண்பர், அதற்கு அடுத்த நாள் நண்பரின் நண்பர். வேண்டியவர்களுக்கு ஒரு சட்டம், வேண்டாதவர்களுக்கு ஒரு சட்டம் என்றால் அதற்குப் பெயர் கட்டுப்பாடா?

அந்த வீறாப்பு எனக்கு இரண்டு நாள்தான் தாங்கியது. வானம் மூட்டம் போட ஆரம்பித்தது. அறுப்பு நேரத்தில் மழை என்றால் இங்கே என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எல்லோரும் அறுப்பு மிஷினைத் தேடி ஓடினார்கள். பாய் தன் அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை வாங்கக் கடைக்கு வந்தார். துபாயில் ஓட்டல் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்து விவசாயம் செய்கிறவர்.

"பெல்ட் போட்ட அறுப்பு வண்டி சொல்லியாச்சுக்கா. பக்கத்து ஊர்ல ஓடுது. நாளை மறுநாள் நம்ம வயலுக்கு வந்துடும்."

மிஷின் எப்படி அறுக்கும் என்று வருஷா வருஷம் பார்க்கிறவள் நான். ஓரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி உள்ளே வரும். தென்மூலைக்கு முதல் சுற்றிலேயே போய்விடும். அடை உட்கார்ந்த உள்ளான் கடைசி நொடி வரை எழுந்திருக்காது. அசையாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது என்பதுதான் அதற்குத் தெரிந்த ஒரே தந்திரம். மிஷினிடம் அது பலிக்காது.

மாத்திரையை நறுக்கிக் கவரில் போட்டுக்கொண்டே சொன்னேன்.

"பாய், தென்மூலையில அந்தப் பள்ளத்தை மட்டும் இப்ப அறுக்காதீங்க."

"ஏங்க்கா?"

"ஏன்னு கேக்காதீங்க. கொஞ்ச நாள் கழிச்சு அறுத்துக்குங்க."

"என் வயல்ல நான் அறுக்கறதுக்கு ஏன்னு கேக்காம எப்படிக்கா?"

"சொல்ல முடியாது. விட்டுடுங்க."

அவர் என் முகத்தை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு மாத்திரையை எடுத்துக்கொண்டு போனார். வழக்கமாகச் சொல்லும் "வர்றேன்க்கா" கூட வரவில்லை.

நான் மண்டு. இந்த ஊரில் ஒருத்தர் இன்னொருத்தரிடம் "உன் வயலில் இந்த மூலையை அறுக்காதே" என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: எல்லைத் தகராறு. அந்த வயல் ஒரு காலத்தில் என் மாமனாருடையது. பாயின் அப்பாவுக்கு அவர் விற்றது; அதை ஒட்டிய வயல் இன்னும் எங்களுடையது. வாய்க்கால் தூர் வாரியபோது தென்மூலை எல்லைக்கல் மண்ணுக்குள் போய்விட்டது. இத்தனை வருஷம் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. நான் பேச வைத்துவிட்டேன்.

சாயங்காலம் கடையில் கூட்டமான நேரத்தில் பாய் தன் அண்ணனையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"சிட்டா, அடங்கல் எல்லாம் எங்க பேர்ல இருக்குங்க" என்றார் அண்ணன். "சந்தேகம்னா சர்வேயரைக் கூப்பிடுங்க. நாங்க ரெடி."

"நீங்க நேரா கேட்டிருக்கலாம்க்கா" என்றார் பாய். குரல் உயரவில்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்றது. "ஏன்னு கேக்காதேன்னா என்ன அர்த்தம்? உங்க மாமாவும் எங்க அத்தாவும் வாய் வார்த்தையில ஏமாத்திக்கிட்டவங்களா?"

கடையில் நின்றவர்கள் இருமலை மறந்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் பின்னால் வந்து காதோடு சொன்னார்.

"பேசாம இரு. அப்படியே விட்டுடு. தகராறுன்னா அந்த மூலையை யாரும் தொட மாட்டான். சர்வேயர் இன்னிக்கு நாளைக்கு வர்ற ஆளா? அதுக்குள்ள உன் ஆளு குஞ்சு பொரிச்சுடுவான்."

அவர் சொன்னது சரியான யோசனை. நான் ஒரு பொய் கூடச் சொல்ல வேண்டாம். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். கூட்டின் இடமும் வெளியே தெரியாது, கூடும் பிழைக்கும்.

ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை. இடத்தைச் சொல்லாமல் இருப்பது வேறு. பக்கத்து வயல்காரரைத் திருடன் போல ஊர் முன்னால் நிற்க வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பது வேறு. இங்கே எல்லைத் தகராறு என்று ஒரு தடவை பெயர் விழுந்துவிட்டால் பேரன் காலத்திலும் போகாது. ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சுகிற குடும்பங்கள் ஒன்றின் கல்யாணத்துக்கு ஒன்று போகாது. என் பழக்கத்துக்கு நான் என்ன விலை வேண்டுமானாலும் கொடுப்பேன். அது என் பாடு. அந்த விலையை அடுத்தவர் தலையில் கட்டினால் அது என்ன பெரிய விரதம்? வெறும் அகம்பாவம்.

"பாய், அது உங்க நிலம்" என்றேன், கடையில் எல்லோருக்கும் கேட்கும்படி. "ஒரு அடி கூட எங்களோடது இல்ல. எல்லைக்கும் நான் சொன்னதுக்கும் சம்பந்தமே இல்ல. காலையில கரைக்கு வாங்க. தனியா வாங்க."

அண்ணன் சந்தேகத்தோடு முறைத்தார். பாய் தலையை ஆட்டினார்.

காலையில் வந்தார். கரையில் என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார வைத்துப் பைனாகுலரைக் கொடுத்தேன். நான் ஒரு கூட்டைக் காட்டிய முதல் ஆள் அவர்தான். சொன்ன சொல்லை மீறுகிறோமே என்று என் மேலேயே கோபம். அவருக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. கோரைத் தட்டு, அதற்கு இடது பக்கம் சாய்ந்த நெல், அதற்குக் கீழே என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

"யா அல்லா" என்றார் மெதுவாக. "என் வயல்லயா இருக்கு இது?"

"உங்க வயல்லதான். ஆம்பளை. பொம்பளை போட்டுட்டுப் போயிட்டா."

பைனாகுலரை இறக்காமல் சிரித்தார். "எங்க வீட்டுல இதைச் சொல்லக் கூடாதுக்கா. மூணு பிள்ளை பொறந்தப்பவும் நான் துபாய்ல இருந்தேன். இன்னிக்கும் அதை வச்சு வாங்கிக் கட்டிக்கிறேன்." பைனாகுலரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேக்கா" என்றார்.

"யார்கிட்டயும் சொல்றதில்ல."

"என்கிட்டயுமா? என் வயல்க்கா அது."

எனக்குச் சொந்தமில்லாத நிலத்தில், எனக்குச் சொந்தமில்லாத பறவைக்கு, நானே காவலாளி என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் அப்படிக் கேட்டது பிடிக்கவில்லை. ஆனால் அவர் கேட்டதில் தப்பில்லை.

"யாருகிட்டயும் சொல்லாதீங்க. அண்ணன்கிட்ட கூட" என்றேன்.

"நான் என்ன சின்னப் புள்ளையா?" என்று எழுந்து போனார்.

மறுநாள் மிஷின் வந்தது. நான் கடையைத் திறக்கவில்லை, கரையில் நின்றேன். தென்மூலைக்கு வெகு முன்னாலேயே பாய் போய்க் குறுக்கே நின்றார். "மூலையில என்ன பாய், பொன்னு புதைச்சு வச்சிருக்கீங்களா?" என்று டிரைவர் மேலேயிருந்து கத்தினார். "சேறுப்பா, வண்டி இறங்கிடும். திருப்பு, திருப்பு" என்றார் பாய். சேற்றில் ஓடத்தான் டயருக்குப் பதில் பெல்ட் போட்டிருக்கிறது என்று டிரைவருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். வண்டி திரும்பியது. சத்தத்திலும் புகையிலும் அந்த முதுகு அசையவே இல்லை.

வயல் முழுக்க மொட்டையாகி, மூலையில் மட்டும் ஒரு சின்ன அறை அகலத்துக்கு நெல் நின்றது. தூரத்திலிருந்து பார்க்கிற யாருக்கும் அங்கே ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிடும். மறுபடி கரையோரம் வந்து தேடிய தங்கையின் கணவருக்கும் தெரிந்தது. ஒருநாள் நான் கடையில் இருந்தபோது, என்னிடம் சொல்லாமல், கேமராவோடு நேராக வயலுக்கே போய்விட்டார். நல்லவேளை பாய் வரப்பில் இருந்தார். நடந்ததை அவரே வந்து சொன்னார்.

"இது எல்லைத் தகராறு நிலம் சார், சர்வே முடியற வரைக்கும் உள்ள யாரும் கால் வைக்கக் கூடாதுன்னு சொன்னேன். வேற ஊர்க்காரர் உள்ள போனா கேஸ் ஆயிடும்னேன். சார் பயந்துட்டாரு."

"பொய் சொன்னீங்களா?"

"நான்தானேக்கா சொன்னேன். நீங்க சொல்லலையே."

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. அவர் நிலம், அவர் பேர், அவர் பொய். நான் யார் தடுக்க? ஆனாலும் அந்தப் பொய்யின் பலன் எனக்கு வந்தது என்பதை நான் மறைக்கவில்லை. சரியா தப்பா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

அதற்குப் பிறகு ஒருநாள் காலையில் போனபோது அந்த இடத்தில் முதுகு இல்லை. வெகு நேரம் நின்றேன். கோரை அசையவில்லை. காக்கை இல்லை, கீரி இல்லை. மறுநாளும் இல்லை. பாய் அறுத்த வயலைக் கடந்து ஓடி வந்தார்.

"பொரிச்சுதாக்கா?"

"தெரியாது."

"தெரியாதுன்னா? உள்ள போயிப் பாத்துடலாம். ஓடு கிடக்கும்ல?"

"வேண்டாம். பொரிச்சிருந்தா குஞ்சுங்க அந்தக் கோரைக்குள்ளதான் இருக்கும். ஆள் வந்தா ஓடாது, அப்படியே மண்ணோடு படுத்துடும். உங்க கால் அது மேல பட்டாக்கூட உங்களுக்குத் தெரியாது."

"பொரிக்கலைன்னா?"

"பொரிக்கலைன்னா பாத்து என்ன ஆகப்போகுது?"

அவர் நெல்லைக் காட்டினார். கதிர் முற்றிக் கொட்ட ஆரம்பித்திருந்தது. "அப்ப நான் எதுக்குக்கா விட்டேன்?"

"எனக்காக விட்டிருந்தீங்கன்னா வீண் பாய். அதுக்காக விட்டிருந்தீங்கன்னா, விட்டாச்சு. அதோட சரி."

முணுமுணுத்துக்கொண்டே போனார். ஆனால் அந்த மூலையை அவர் அதற்கப்புறமும் பல நாள் தொடவில்லை. கடைசியில் கூலி ஆளை விடாமல் தானே அரிவாளோடு இறங்கி, ஒரு பக்கத்திலிருந்து மெதுவாக, உள்ளே ஏதாவது இருந்தால் மறு பக்கம் ஓடட்டும் என்று தொண்டையைச் செருமிச் செருமி அறுத்தார். நான் கரையில் நின்று பார்த்தேன். எதுவும் ஓடவில்லை. அதற்கு முன்பே போயிருக்கலாம், இல்லாமலேயே இருந்திருக்கலாம்.

தங்கையின் கணவர் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் அப்போது ஒரு படம் போட்டிருந்தார், வேறு ஏதோ ஊரில் எடுத்த மயில் உள்ளான். முட்டைகள் பளிச்சென்று தெரிந்தன. சுற்றி ஒரு புல்லும் இல்லை. நிறையப் பேர் கை தட்டியிருந்தார்கள். புல் எங்கே போனது என்று கேட்டு எழுதினேன். பதில் வரவில்லை.

திருக்கடையூருக்கு அவர் வரவில்லை. தங்கை மட்டும் வந்தாள், கடைசி நேரத்தில், பேசாமல், உறவுக்காரர்களோடு வரிசையில் நின்றாள். எங்கள் இரண்டு பேரையும் மணையில் உட்கார வைத்து, தலைக்கு மேல் சல்லடை பிடித்து, ஒவ்வொருவராகக் கலசத் தண்ணீரை ஊற்றினார்கள். அவள் முறை வந்தபோது செம்பை வாங்கிக்கொண்டு என் பக்கம் குனிந்தாள்.

"அந்த முட்டை என்னாச்சு?"

"தெரியாது."

"தெரியாதா? தெரியாமத்தான் எங்க வீட்டுக்காரரைக் காபி குடுத்துத் திருப்பி அனுப்புனியா?"

"ஆமா. நாளைக்கு வந்தாலும் அதே காபிதான்."

"திமிருதான்க்கா உனக்கு" என்று சொல்லி, இருந்த தண்ணீரையெல்லாம் என் தலையிலேயே கொட்டினாள். என் வீட்டுக்காரருக்கு ஒரு சொட்டும் மிச்சம் வைக்கவில்லை. கண்ணைத் திறக்க முடியவில்லை எனக்கு.

"திமிருதான்டி, இருக்கட்டும்" என்றேன்.